சிப்பின் மேல் பழி போடுமுன்
பழைய ப்ளேஸ்டேஷன்களைப் பழுதுபார்க்கும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

முப்பது வயதைத் தொட்ட சாம்பல் நிற ப்ளேஸ்டேஷனை மேசைமேல் வைத்து, மூடியைக் கழற்றி, யாரோ எப்போதோ உள்ளே பற்றவைத்த மோட் சிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். சென்னை ரிச்சி தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்கும், வீட்டின் ஒரு மூலையில் ஓய்வு நேரத்தில் இந்த வேலையைக் கற்றுக்கொள்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான். சிப்தான் கெட்டிருக்கிறது என்று சோதித்து உறுதிசெய்யாமல் அயர்னைச் சூடாக்காதீர்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'காப்பி சிடி ஓடவில்லை' என்ற ஒரே புகாரோடு பழுதுபார்க்கப் போன கருவிகள், ஒரிஜினல் சிடியும் ஓடாத கருவிகளாக என்னிடம் வருகின்றன. திறந்து பார்த்தால் பழைய சிப் பிடுங்கப்பட்டிருக்கும், புதுச் சிப் வைக்கப்பட்டிருக்கும், அது இருந்த இடத்தைச் சுற்றி போர்டு கருகியிருக்கும், ஐசியின் காலுக்குப் போகிற மெல்லிய ட்ராக் அறுந்து தொங்கும். பல நேரங்களில் முதலில் இருந்த கோளாறு லென்ஸில்தான். அதை யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள்.

ப்ளேஸ்டேஷன் உலகெங்கும் 10 கோடிக்கு மேல் விற்றது. 2006-இல் உற்பத்தி நின்றுவிட்டது. லென்ஸ் தொகுதிக்கு இன்றும் மாற்று கிடைக்கிறது. பவர் சப்ளையைச் சரிசெய்யலாம். ஆனால் மதர்போர்டு புதிதாக எங்கும் வராது. இன்னொரு செத்த கருவியிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே நீங்கள் வைக்கும் ஒவ்வொரு தேவையற்ற சூடும் திரும்பி வராத ஒன்றைச் செலவழிக்கிறது.

சிப்பை விசாரிக்க வேண்டுமானால் முதலில் அதன் வேலை என்னவென்று தெரிய வேண்டும். பலர் அதை ஏதோ மந்திரப் பெட்டி போல நினைக்கிறார்கள். உண்மையில் அது செய்வது மிகச் சிறிய வேலை.

ப்ளேஸ்டேஷன் 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. சிடியைக் காப்பி எடுப்பதைத் தடுப்பது கடினம் என்பதால், காப்பியை ஓடவிடாமல் தடுக்க சோனி ஒரு வழி கண்டது. அசல் சிடியின் உள்விளிம்பில், விளையாட்டின் தரவு தொடங்குவதற்கு முன்னுள்ள லீட்-இன் பகுதியில், தடத்தையே நுண்ணிய அளவில் பக்கவாட்டில் நெளியவைத்து அச்சடித்தார்கள். அந்த நெளிவுக்குள் நான்கு எழுத்து இருக்கிறது. ஜப்பான் சிடியில் எஸ்சிஇஐ, அமெரிக்க சிடியில் எஸ்சிஇஏ, ஐரோப்பிய சிடியில் எஸ்சிஇஇ. வெற்று சிடி-ஆரில் தடம் முன்பே வார்க்கப்பட்டிருக்கிறது. அதன் நெளிவை எந்த ரைட்டராலும் மாற்ற முடியாது. எனவே தரவு முழுக்கக் காப்பியானாலும் அந்த நான்கு எழுத்து வராது. வேறு பிரதேசத்து ஒரிஜினலும் இதே காரணத்தால் நிற்கிறது. எழுத்து இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை.

சிடி ட்ரைவை நடத்துகிற மெக்காகான் என்ற சிறிய கன்ட்ரோலர்தான் இந்த எழுத்துகளுக்காகக் காத்திருக்கிறது. அவை மிக மெதுவாக வருகின்றன. விநாடிக்கு 250 பிட், அதாவது ஒரு பிட்டுக்கு 4 மில்லி விநாடி. மோட் சிப் என்பது பெரும்பாலும் எட்டுக் கால் உள்ள ஒரு பிக் மைக்ரோகன்ட்ரோலர். சிடியிலிருந்து வரும் சிக்னலை ஒரு வயரால் அமுக்கிவிட்டு, இன்னொரு வயரால் சரியான நான்கு எழுத்தை மெக்காகானுக்கு அனுப்புகிறது. வாசலில் நிற்கும் காவலாளியின் காதில், வந்தவர் வாய் திறப்பதற்குள் வேறொருவர் சரியான பெயரைச் சொல்லிவிடுவது போன்ற வேலை. அமுக்கும் வயரை கேட் என்றும், எழுத்து போகும் வயரை டேட்டா என்றும் சொல்கிறோம்.

இதிலிருந்து ஒரு பெரிய உண்மை கிடைக்கிறது. சிப்புக்கு வேலை சிடி சுழலத் தொடங்கும் நேரத்தில்தான். படம் வரைவதில், ஒலி எழுப்புவதில், மெமரி கார்டில், கன்ட்ரோலரில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. விளையாட்டு தொடங்கி அரை மணி நேரம் கழித்து வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது என்றால், சிப்பைச் சந்தேகிப்பதில் பொருளே இல்லை.

திரையே உங்களுக்குப் பாதி விடையைச் சொல்லிவிடும். கருவியைப் போட்டதும் வெள்ளைப் பின்னணியில் வருகிற முதல் சின்னமும் அதன் ஒலியும் பயாஸிலிருந்து வருபவை. உள்ளே சிடியே இல்லாவிட்டாலும் அவை வரும். வந்துவிட்டால் சிபியு, கிராபிக்ஸ், பயாஸ், மின்சாரம் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. அடுத்து கறுப்புப் பின்னணியில் வரும் ப்ளேஸ்டேஷன் சின்னம், சிடியை மெக்காகான் ஏற்றுக்கொண்ட பிறகுதான் வரும். காப்பி சிடியோடு அந்தக் கறுப்புத் திரை வந்துவிட்டதா? சிப் தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்குப் பிறகு நடக்கும் தகராறுக்கு லென்ஸையும் சிடியையும் பாருங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி சோதனைக்கு வருவோம். மூன்று சிடி இருந்தால் போதும். ஒன்று, கீறல் இல்லாத கடைச் சரக்கான ஆடியோ சிடி. இரண்டாவது, கருவியின் சொந்தப் பிரதேசத்து ஒரிஜினல் விளையாட்டு. மூன்றாவது, வேறு பிரதேசத்து ஒரிஜினல் விளையாட்டு. கருவியின் பிரதேசம் தெரிய, அடியில் உள்ள மாடல் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 0 என்றால் ஜப்பான், 1 அமெரிக்கா, 2 ஐரோப்பா. கவனியுங்கள், இந்தப் பட்டியலில் காப்பி சிடி இல்லை. காப்பி சிடி ஓடாமல் போக எழுதிய வேகம், சிடியின் தரம், லென்ஸின் சோர்வு என்று பத்துக் காரணம் இருக்கும். காரணம் பல உள்ள ஒன்றைச் சோதனைக்கு வைத்தால் விடை கிடைக்காது.

முதலில் ஆடியோ சிடியைப் போடுங்கள். ஆடியோ சிடிக்கு அந்த நான்கு எழுத்து தேவையில்லை. அது பாடாவிட்டால் லென்ஸ், மோட்டார், ரிப்பன் கேபிள், பவர் சப்ளை என்று தேடுங்கள். சிப்பின் பக்கமே போகாதீர்கள். பாடினால், கடைசிப் பாட்டுக்குத் தாவிப் பாருங்கள். லென்ஸ் வெளிவிளிம்பு வரை நகர்கிறதா என்பது அதில் தெரியும்.

அடுத்து சொந்தப் பிரதேசத்து ஒரிஜினல். அது நன்றாக ஓடினால், ட்ரைவ் தரவை வாசிக்கிறது என்று பொருள். ஓடாவிட்டால் இரண்டு வழி திறக்கும். ஆடியோ சிடி ஒற்றை வேகத்தில் சுழல்கிறது, விளையாட்டு இரட்டை வேகத்தில். சோர்ந்த லென்ஸ் பாட்டில் தேறி விளையாட்டில் தோற்கலாம். இது முதல் வழி. இரண்டாவதுதான் பலர் யோசிக்காதது. சிப் செத்தும் சாகாமலும் இருக்கலாம். கேட் வயரைத் தரையோடு பிடித்துக்கொண்டு, டேட்டாவில் எதுவும் அனுப்பாமல் கிடக்கும். அப்போது ஒரிஜினல் சிடியின் உண்மையான எழுத்தும் மெக்காகானுக்குப் போய்ச் சேராது. இந்த இரண்டையும் பிரிக்க, கேட் வயரையும் டேட்டா வயரையும் சிப்பின் பக்கத்தில் மட்டும் விடுவியுங்கள். அயர்ன் தேவைப்படும் சோதனை இது ஒன்றுதான், அதிலும் போர்டின் பக்கத்தைத் தொட வேண்டாம். பிறகு அதே ஒரிஜினலைப் போடுங்கள். இப்போது ஓடினால் குற்றவாளி சிப், அல்லது அதன் வயர். இன்னும் ஓடவில்லை என்றால் சிப்பை விட்டுவிட்டு லென்ஸுக்குப் போங்கள்.

மூன்றாவதாக வெளிப் பிரதேசத்து ஒரிஜினல். ஆலையில் அச்சடித்த நல்ல சிடி, எழுத்து மட்டும் பொருந்தாது. அதனால் சிப்பை மட்டும் தனியாகச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. இது ஓடி, காப்பி மட்டும் ஓடவில்லை என்றால் சிப் நன்றாக இருக்கிறது. சிடி-ஆர் அச்சடித்த சிடியைவிடக் குறைவாகவே ஒளியைத் திருப்பி அனுப்பும். வயதான லென்ஸ் முதலில் தடுமாறுவது அதில்தான். வாடிக்கையாளர் 'சிப் போயிடுச்சு அண்ணா' என்று கொண்டுவருகிற கருவிகளில் பல இந்த இடத்தில்தான் நிற்கின்றன.

அயர்னைத் தொடாமல் செய்யக்கூடிய இன்னொரு சோதனையும் இப்போது இருக்கிறது. அமெரிக்க, ஐரோப்பியக் கருவிகளின் மெக்காகானுக்குள் சோனியே விட்டுவைத்த மறைவான கட்டளைகள் உண்டு. சரியான வரிசையில் அனுப்பினால், நான்கு எழுத்து இல்லாமலே எந்த சிடியையும் ட்ரைவ் ஏற்றுக்கொள்ளும். 2021-இல் வந்த டோனிஹாக்ஸ் என்ற இலவச மென்பொருள், மெமரி கார்டில் வைத்த ஒரு சேவ் கோப்பின் வழியே இதைச் செய்கிறது. அதன் மூலம் ஓடுகிற சிடி சிப்பின் மூலம் ஓடவில்லை என்றால், ட்ரைவ் நல்லது, தகராறு சிப்பில். அதிலும் ஓடவில்லை என்றால் சிப்பின் மேல் பழி இல்லை. ஜப்பானியக் கருவிகளில் இந்தக் கட்டளைகள் பலிக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சிப்பின் கணக்கில் தவறாக எழுதப்படும் வேறு சில கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டில் டிவி பால் (PAL) முறை, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்டிஎஸ்சி (NTSC) முறை. ஐரோப்பியக் கருவியில் அமெரிக்க அல்லது ஜப்பான் சிடியைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வரலாம், சில டிவிகளில் உருளவும் செய்யும். கருவிக்குள் நிறத்துக்கான அலைவரிசையைத் தருகிற கடிகாரம் பாலுக்காக அமைக்கப்பட்டது. என்டிஎஸ்சி படத்துக்கு அது பொருந்தாது. சிப் சிடியைத் திறந்துவிட்டது, நிறம் அதன் பொறுப்பில் இல்லை. ஆர்ஜிபி கேபிளும் அதை ஏற்கும் திரையும் இருந்தால் நிறம் தானாக வந்துவிடும். இதற்காகச் சிப்பை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

உறவினர் அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ கொண்டுவந்த கருவி என்றால், முதலில் பின்பக்கத்தில் எழுதியுள்ள வோல்ட்டைப் படியுங்கள். ஜப்பானியக் கருவி 100 வோல்ட், அமெரிக்கக் கருவி 120 வோல்ட். அதை நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரே சொருகியிருந்தால் அடி வாங்குவது பவர் சப்ளை. அந்தப் போர்டு மதர்போர்டுக்கு ஏறக்குறைய 7.5 வோல்ட்டும் 3.5 வோல்ட்டும் தர வேண்டும். எந்தக் கருவியானாலும் இந்த இரண்டையும் மீட்டரில் பார்க்காமல் அடுத்த அடி எடுக்காதீர்கள். வயதான கபாசிட்டர் காரணமாக 3.5 வோல்ட் ஏறி இறங்கினால், நல்ல சிப்பும் ஒருமுறை வேலை செய்து மறுமுறை செய்யாமல் போகும்.

2000-இல் வந்த சின்ன வெள்ளை பிஎஸ்ஒன் வேறு கதை. அதன் ஐரோப்பிய மாடலில் பயாஸும் தன் பங்குக்குப் பிரதேசத்தைச் சோதிக்கிறது. மெக்காகானை ஏமாற்றினாலும் பயாஸ் தடுக்கும். நான்கு வயர் மட்டும் உள்ள சாதாரணச் சிப் வைத்தால் ஐரோப்பியக் காப்பி ஓடும், அமெரிக்க சிடி ஓடாது. அது பழுதல்ல, அந்தச் சிப்பின் எல்லை. பயாஸுக்கும் வயர் போகிற வகைச் சிப் வேண்டும்.

இப்போது அந்த விதிவிலக்கு. முதல் தலைமுறைச் சிப்கள் கருவி ஓடும் வரை நான்கு எழுத்தை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருந்தன. 1999 வாக்கில் விளையாட்டு நிறுவனங்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டன. லென்ஸ் லீட்-இன் பகுதியில் இல்லாதபோதும் எழுத்து வந்தால், உள்ளே சிப் இருக்கிறது என்று விளையாட்டே கண்டுபிடித்து, கருவி மாற்றப்பட்டிருக்கலாம் என்ற எச்சரிக்கையைக் காட்டி நின்றுவிடும். காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினலும் அப்படியே நிற்கும். இதற்கு மறுமொழியாக வந்தவைதான் ஸ்டெல்த் சிப்கள். தொடக்கத்தில் எழுத்தைச் சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். ஆகவே ஒரு சில விளையாட்டுகள் மட்டும் நிற்கின்றன, மற்றதெல்லாம் ஓடுகின்றன என்றால், உள்ளே இருப்பது பழைய வகைச் சிப். அது கெடவில்லை, காலாவதியாகிவிட்டது. அதை ஸ்டெல்த் வகைக்கு மாற்றுவது நியாயமான வேலை.

இன்னொன்றும் உண்டு. 2000-இல் வந்த ஸ்பைரோ: இயர் ஆஃப் தி டிராகன் விளையாட்டின் படைப்பாளிகள் அதற்குள் பல அடுக்குக் கண்ணிகளை வைத்தார்கள். பாதுகாப்பை அரைகுறையாக உடைத்த காப்பி முதலில் ஓடும். பிறகு சேகரித்த முட்டைகளும் ரத்தினங்களும் காணாமல் போகும், மொழி மாறும், கடைசிச் சண்டையில் சேவ் கோப்பே அழியும். இதைப் பார்த்தவர் சிப் கோளாறு என்றுதான் சொல்வார். காப்பியின் கோளாறு அது. ஒரே விளையாட்டில் மட்டும் வரும் விசித்திரத்தை வைத்து எந்தக் கருவிக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு சிப்தான் என்று உறுதியானால், அப்போதும் முதலில் எடுக்க வேண்டியது மீட்டர். சிப்பின் சப்ளைக் காலுக்கும் தரைக் காலுக்கும் நடுவே வோல்ட்டேஜ் இருக்கிறதா? பிக் 12சி508 என்றால் 1-ஆம் கால் சப்ளை, 8-ஆம் கால் தரை. கருவி தொடங்கும் நேரத்திலும் அந்த வோல்ட்டேஜ் சரியாமல் நிற்கிறதா? பிறகு கருவியை அணைத்து, ஒவ்வொரு வயருக்கும் கன்டின்யுட்டி பாருங்கள். சிப்பின் காலிலிருந்து ஐசியின் கால் வரை பாருங்கள். இடையில் உள்ள ஈயத் திரளைத் தொட்டு பீப் கேட்டதும் திருப்தியாகிவிடாதீர்கள். டிரை சால்டர் ஒளிந்திருப்பது அந்தத் திரளுக்கும் காலுக்கும் நடுவில்தான். பக்கத்துக் காலோடு ஷார்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். வயர்களை மரக்குச்சியால் மெல்ல அசைத்தபடி கருவியைத் தொடக்கினால், தளர்ந்த இணைப்பு தானே காட்டிக்கொடுக்கும்.

டேட்டா வயரில் எழுத்து போகிறதா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். பிட்டுக்கு 4 மில்லி விநாடி என்பதால் மலிவான லாஜிக் அனலைசரே போதும். கருவியைத் தொடக்கியதும் துடிப்பு தெரிந்து, அது மெக்காகானின் கால் வரை போய்ச் சேர்ந்தால், சிப் பேசுகிறது. துடிப்பே இல்லை என்றால் சிப் ஊமை. துடிப்பு இருந்தும் மெக்காகான் ஏற்கவில்லை என்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள்.

ஒன்று, வேகம் பிசகியிருக்கலாம். பிக் சிப்புக்குள் இருக்கும் கடிகாரத்தைத் திருத்தும் எண் ஒன்று, ஆலையிலேயே ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியாக அளந்து, நினைவகத்தின் கடைசி இடத்தில் எழுதப்படுகிறது. 12எஃப்508, 12எஃப்629 போன்ற, அழித்து எழுதக்கூடிய சிப்களில் நிரல் ஏற்றும்போது அந்த எண்ணையும் சேர்த்து அழித்துவிடுகிறவர்கள் உண்டு. பிறகு கடிகாரம் பிசகும், எழுத்தின் நீளம் மாறும். நிரலை ஏற்றுமுன் அந்த எண்ணைப் படித்துக் குறித்து வையுங்கள். ஆர்டுவினோ போர்டில் பிஎஸ்நீ என்ற மோட் சிப் நிரலைப் போட்டு வைப்பவர்களுக்கும் ஒரு சொல். 5 வோல்ட்டுக்கான 16 மெகாஹெர்ட்ஸ் போர்டை 3.5 வோல்ட்டில் ஓட்டுவது அந்தச் சிப்பின் டேட்டா ஷீட் அனுமதிக்கும் எல்லைக்கு வெளியே. 8 மெகாஹெர்ட்ஸ் வகையை எடுங்கள்.

இரண்டு, போர்டுக்குப் பொருந்தாத சிப்பாக இருக்கலாம். பழைய போர்டுகளில் கேட்டைத் தரையோடு பிடித்தால் போதும். பியு-22 போர்டு முதல் அந்த வழி மூடிவிட்டது. அங்கே டபிள்யுஎஃப்சிகே என்ற துடிக்கும் சிக்னலோடு இணைந்துதான் எழுத்தை அனுப்ப வேண்டும். பழைய சிப்பைப் புதிய போர்டில் எத்தனை அழகாகப் பற்றவைத்தாலும் பலிக்காது. மாடல் எண்ணை மட்டும் நம்பாமல், போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்து, அதற்குரிய வயரிங் படத்தையே எடுங்கள்.

மூன்று, ஒரு வயர் குறைந்திருக்கலாம். சில ஸ்டெல்த் சிப்கள் மூடி திறந்ததை அறிய மூடி சுவிட்சுக்கும், கருவி மீண்டும் தொடங்கியதை அறிய ரீசெட்டுக்கும் வயர் கேட்கும். முதல் சிடி ஓடுகிறது, ஆனால் ஃபைனல் ஃபேன்டஸி 7 போல மூன்று சிடி உள்ள விளையாட்டில் இரண்டாவதை மாற்றிப் போட்டதும் நிற்கிறது என்றால், மூடி வயரைப் பாருங்கள். பாதிப் பேர் அந்த வயரைப் போடுவதே இல்லை.

சிப்பை எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவானால், அவசரம் வேண்டாம். அதைப் போர்டோடு ஒட்டிய ஹாட் க்ளூவைக் கத்தியால் பெயர்க்காதீர்கள். ஐசோப்ரொப்பில் ஆல்கஹால் விட்டால் அதன் பிடி தளர்ந்துவிடும். ஃப்ளக்ஸ் தடவி, சூடு பட்டதும் வயர் தானே விலகும் வரை பொறுங்கள். இழுக்காதீர்கள், ட்ராக் அறுவது அந்த இழுப்பில்தான். அமிலம் கலந்த மலிவான ஈயப் பேஸ்டை இந்தப் போர்டுகளில் பயன்படுத்தாதீர்கள். சில ஆண்டுகளில் செம்பைத் தின்றுவிடும். புதிதாக வைக்கும்போது 30 கேஜ் மெல்லிய வயரைக் குறுகிய நீளத்தில் போடுங்கள். மூடுமுன், உலோகத் தகடு எந்த வயரையும் நசுக்கவில்லை என்று பாருங்கள். இரட்டைப் பக்க டேப் காய்ந்து, சிப் கழன்று, தகட்டில் பட்டு ஷார்ட் ஆன கருவிகள் பல. நல்ல சிப் கெட்டதாகத் தெரிய அந்த ஒரு டேப் போதும்.

சட்டத்தைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. இந்தச் சிப்களுக்காகவே நீதிமன்றங்கள் கூடியிருக்கின்றன. சிட்னியில் மோட் சிப் விற்ற ஒருவர் மேல் சோனி தொடுத்த வழக்கில், ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றமான ஹை கோர்ட் 2005 அக்டோபரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சோனியின் தடுப்பு காப்பி எடுப்பதைத் தடுக்கவில்லை, எடுத்த காப்பி ஓடுவதைத்தான் தடுக்கிறது என்பது அதன் சாரம். மறு ஆண்டே அங்கே சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் பாதுகாப்பைக் கடுமையாக்கினாலும், விளையாட்டுகளின் பிரதேசப் பூட்டை அதற்குள் சேர்க்காமல் விட்டது. பிரிட்டனில் பெரும்பாலான தீர்ப்புகள் விற்றவர்களுக்கு எதிராக வந்தன. இந்தியாவில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது. நோக்கம் என்ற சொல்லை மனத்தில் வையுங்கள். ஒருவர் தன் ஜப்பான் ஒரிஜினலைத் தன் கருவியில் ஓட்ட உதவுவதும், கடையில் காப்பி சிடியை அடுக்கி விற்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் செய்யாதீர்கள். நம் தொழிலுக்கு மரியாதை வேண்டுமானால் அது இங்கிருந்துதான் தொடங்கும்.

அதே நேர்மை வாடிக்கையாளரிடமும் வேண்டும். சிப் நல்லது, லென்ஸ்தான் சோர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் அதைச் சொல்லுங்கள், சோதித்ததற்கான கூலியையும் தயங்காமல் கேளுங்கள். கண்டுபிடிப்பதும் வேலைதான், இந்தத் தொழிலில் கடினமான வேலையும் அதுதான். ஒருவரிடம் சொந்தப் பிரதேசத்து ஒரிஜினல்கள் மட்டுமே இருக்கின்றன, சிப் பழைய வகை என்றால், அதைச் சுத்தமாக எடுத்துவிடலாம் என்ற யோசனையையும் முன்வையுங்கள். எதையும் கேட்காமல் செய்யாதீர்கள், செய்ததை மறைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. நீங்கள் தொட்ட ஒவ்வொரு கருவியின் மூடிக்கு உட்புறம் ஒரு சிறு தாளை ஒட்டுங்கள். போர்டின் எண், வைத்த சிப்பின் வகை, எந்த வயர் எந்த இடத்துக்குப் போகிறது, 3.5 வோல்ட் வரியில் அளந்தது எவ்வளவு, தேதி. ஐந்து வரி போதும். இன்று நாம் ஒவ்வொரு கருவியிலும் படும் பாட்டில் பெரும்பங்கு, முன்னே வேலை செய்தவர் எதையும் எழுதி வைக்காததால் வருவது. சிப் எந்த வகை என்றே தெரியாமல் அதைச் சோதிப்பதில் பாதி நாள் போகிறது. அடுத்து திறக்கப் போகிறவருக்கு அந்தப் பாதி நாளை நீங்கள் கொடுத்துவிடலாம். அவர் உங்களுக்குத் தெரியாதவராக இருக்கலாம், பத்து ஆண்டு கழித்து அதே கருவி திரும்பி வரும்போது அது நீங்களாகவே இருக்கலாம்.

மூன்று சிடி, ஒரு மீட்டர், ஒரு தாள். இந்த வாரம் மேசைக்கு வரும் முதல் கருவியிலேயே இதைத் தொடங்குங்கள். சோதனை முடியும் வரை அயர்னின் ப்ளக்கைச் சொருகாதீர்கள்.

அன்புடன்,
இதே மேசையில் பல ஆண்டு வேலை செய்யும் உங்கள் அண்ணன்